தொடையிலே கட்டி: காலை எடுக்கத்தான் வேண்டுமா?

காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிற ஒருவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒரு நாள் ஐஸ் நிறைந்த பெட்டியை இறக்கும்போது அது சறுக்கி அவர் தொடையில் இடித்தது. இரண்டு நாள் நொண்டினார். பிறகு மறந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து, கைலியை மடித்துக் கட்டும்போது மனைவியின் கண்ணில் படுகிறது, தொடையின் முன்புறம் ஒரு புடைப்பு.

"இன்னாய்யா இது? நாளுக்கு நாள் பெருசாயிகினே போவுது?"

"அன்னிக்குப் பொட்டி இடிச்சிச்சு இல்லமே, அந்த ரத்தக் கட்டுதான். வலியே இல்ல. தைலம் தேச்சா கரைஞ்சிடும்."

இவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இவரைப் போல ஒருவரைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மூட்டை தூக்குகிறவர், இரும்பு இறக்குகிறவர், ஆலையில் யந்திரத்தோடு மல்லுக் கட்டுகிறவர் நிறைந்த பகுதி இது. இங்கே அடி படாத நாள் ஏது? எந்த வீக்கத்துக்கும் ஓர் அடியைக் காரணம் காட்டிவிடலாம்.

அடிபட்டதால் இந்த வியாதி உண்டாவதாக நிரூபணம் கிடையாது. அடி செய்கிற காரியம் ஒன்றுதான். ஏற்கனவே அங்கே இருந்த கட்டியின் மேல் நம் கையைக் கொண்டுபோய் வைக்கிறது. அவ்வளவுதான்.

நூற்றில் ஒன்று

பயப்படுவதற்கு முன் ஒரு கணக்கைத் தெரிந்து கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சாதுவானவை. கொழுப்புக் கட்டி, நீர்க் கட்டி, பழைய ரத்தக் கட்டு, சில சமயம் காச நோய்க் கட்டி. சாதுக் கட்டிகள் நூறு இருந்தால் பொல்லாத கட்டி ஒன்று இருக்கலாம். அதற்கும் குறைவு என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஒன்றைத்தான் 'சார்கோமா' என்கிறார்கள். சதைப் புற்று என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். வாய், வயிறு, கருப்பை வாய் போன்ற இடங்களில் வரும் வழக்கமான புற்றுநோய் உறுப்புகளை மூடியிருக்கும் தோல் போன்ற படலத்தில் தொடங்குகிறது. சார்கோமா அப்படி அல்ல. தசை, கொழுப்பு, நார், ரத்தக் குழாய், நரம்பின் உறை ஆகியவற்றில் பிறக்கிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்று அளவுதான். ஆனால் அந்த ஒன்றுக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள்! ஒரு சாதாரண டாக்டர் தமது ஆயுளில் இரண்டு மூன்று பேரைப் பார்த்திருந்தாலே அதிகம். அவர் தவறிப்போவதற்கு அதுவே காரணம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் எந்தக் கட்டியைக் கண்டு உஷாராக வேண்டும்? டாக்டர்கள் நான்கு அடையாளங்கள் சொல்கிறார்கள். 5 செண்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? இங்கிலாந்தில் இதைச் சொல்ல 'கால்ப்' பந்தைக் காட்டுகிறார்கள். நமக்கு எலுமிச்சம்பழம் போதும். வளர்ந்து கொண்டே போகிறதா? தோலோடு நகராமல் சதைக்குள் ஆழமாக இருக்கிறதா? ஒரு தடவை எடுத்த இடத்தில் மறுபடி வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதிக்க வேண்டியதுதான். வலி இருந்தால் அதையும் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் வலி இல்லை என்பது சமாதானம் ஆகாது. சதைப் புற்று பெரும்பாலும் வலிக்காமலேதான் வளரும். நம் காசிமேட்டுக்காரர் ஏமாந்த இடம் அதுதான்.

நுங்கு எடுப்பது போல

இனி நடப்பதைப் பாருங்கள். தைலம் தேய்த்தார். உருவிவிடுகிறவரிடம் போனார். கரையவில்லை. பிறகு யாரோ சொல்லி ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனார். "கொழுப்புக் கட்டிதான். அரை மணி வேலை. சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம்" என்று அங்கே சொன்னார்கள். கட்டியும் சுலபமாக வந்துவிட்டது. நுங்கைக் கட்டை விரலால் நெம்பி எடுப்பது போல, வழுக்கிக் கொண்டு வெளியே வந்தது. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. வாளியில் போட்டார்கள்.

இந்தச் சுலபந்தான் மோசம். சதைப் புற்று வளரும்போது சுற்றியுள்ள சதையை நெருக்கித் தள்ளும். நெருக்கப்பட்ட சதை ஓர் உறை போல ஆகிவிடும். பார்ப்பதற்குக் கட்டி உறைக்குள் பத்திரமாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் அந்த உறைக்குள்ளேயும் அதைத் தாண்டியும் புற்றின் விழுதுகள் ஓடியிருக்கும். உறையிலிருந்து கட்டியை மட்டும் நெம்பி எடுத்தால், நுங்கு வந்துவிடும். வேர் உள்ளேயே நிற்கும். இப்படி முன்யோசனை இல்லாமல் கட்டியை எடுத்தவர்களுக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்து பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வரை மிச்சப் புற்று இருந்ததாகப் பல நாட்டு ஆஸ்பத்திரிகளின் கணக்குகள் சொல்கின்றன.

அதோடு போகவில்லை. முதல் கத்தி தொட்ட இடமெல்லாம் இப்போது சந்தேகத்துக்கு உரிய இடம். ரத்தம் பரவிய இடம், தையல் போட்ட இடம், நீர் வடியக் குழாய் வைத்த துவாரம், எல்லாவற்றையும் இரண்டாவது ஆபரேஷனில் சேர்த்து எடுக்க வேண்டும். முதலிலேயே திட்டமிட்டிருந்தால் ஒரு கையளவு சதையோடு முடிந்திருக்கும். இப்போது இரண்டு கையளவு. சில சமயம் பெரிய நரம்பும் ரத்தக் குழாயும் அதில் சிக்கிக் கொள்ளும்.

இந்த வியாதியில் கடைசி ஆபரேஷனைவிட முதல் ஆபரேஷன்தான் முக்கியம்.

ஊசி குத்தினால் பரவுமா?

சரியான முறை தலைகீழானது. முதலில் படம்; பிறகு ஊசி; கத்தி கடைசியில்தான்.

படம் என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டி எந்தத் தசையில் இருக்கிறது, எலும்பைத் தொடுகிறதா, ரத்தக் குழாயைச் சுற்றியிருக்கிறதா என்று அது காட்டிவிடும். சதைப் புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் போகிற இடம் நுரையீரல். ஆகையால் நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

அடுத்தது ஊசி. சற்றுத் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூல் போன்ற துண்டுகளை எடுத்துப் பரிசோதிப்பார்கள். 'பயாப்ஸி' என்றதும் நம் ஜனங்களுக்கு உதறல் எடுக்கிறது. "கட்டியைக் குத்தாதே, குத்தினால் பரவிவிடும்" என்று தெருவுக்கு நாலு பேர் சொல்கிறார்கள். கட்டியைக் கண்டபடி அறுப்பது அபாயம் என்பது உண்மை. ஆனால் நிபுணர் கையில் ஊசி அப்படி அல்ல. நாளைக்கு எந்தக் கோட்டில் அறுக்கப் போகிறோமோ அதே கோட்டில்தான் இன்றைக்கு ஊசியைச் செலுத்துவார்கள். ஆபரேஷனின்போது ஊசி போன தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடலாம். அறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாலும் கை கால்களில் நீளவாட்டில் அறுப்பார்கள். குறுக்கே அறுத்தால் பிறகு எடுக்க வேண்டிய பரப்பு கூடிவிடும். ஊசி போடுகிற டாக்டரும் ஆபரேஷன் செய்கிற டாக்டரும் முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும் என்பதன் அர்த்தம் இதுதான்.

துண்டைப் பார்க்கிற நோய்க்குறியியல் நிபுணர் இரண்டு விஷயம் சொல்வார். எந்த வகை? எத்தனை மூர்க்கம்? மூர்க்கத்தை 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம்தான் பொல்லாதது. வேகமாக வளரும், பரவும். சிகிச்சை முழுவதும் இந்த எண்ணைப் பிடித்துக் கொண்டுதான் நகரும்.

காலை எடுத்த காலம்

ஒரு காலத்தில் விடை சுலபமாக இருந்தது. தொடையில் மூர்க்கமான கட்டி என்றால் காலை இடுப்போடு எடுத்துவிடுவார்கள். உயிர் பெரிதா, கால் பெரிதா என்று கேட்டால் யார் மறுத்துப் பேச முடியும்?

அந்தக் கேள்வியே சரிதானா என்று அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் என்ற ரண சிகிச்சை நிபுணரும் அவரது சகாக்களும் சோதித்துப் பார்த்தார்கள். 1975-க்கும் 1981-க்கும் இடையில் கை கால்களில் மூர்க்கமான சதைப் புற்று வந்த 43 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். 16 பேருக்குக் கையோ காலோ எடுக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டியை மட்டும் சுற்றிலும் நல்ல சதையோடு எடுத்து, அந்த இடத்துக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். இரு சாராருக்கும் மருந்து சிகிச்சையும் உண்டு.

முடிவு 1982-ல் வெளியாயிற்று. காலைக் காப்பாற்றிய 27 பேரில் 4 பேருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. ஆனால் எத்தனை பேர் பிழைத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை! காலை எடுத்ததால் ஆயுள் கூடவில்லை.

43 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் வைத்தியமே திரும்பியது. இன்று இந்த வியாதிக்கென்றே உள்ள பெரிய நிலையங்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கையோ காலோ காப்பாற்றப்படுகிறது. மீதியுள்ளவர்களுக்கு எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பெரிய நரம்பும் ரத்தக் குழாயும் எலும்பும் ஒருசேரப் புற்றில் சிக்கியிருந்தால், காப்பாற்றிய காலைவிடச் செயற்கைக் காலே நன்றாக நடக்க உதவும் என்று டாக்டர்கள் சொல்லும் கட்டம் உண்டு. அதை ஒத்துக் கொள்ளாமல் ஆறு மாதம் ஓடி ஒளிந்தால் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும். கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்குகிறார்கள்.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையோடு எடுத்தால் தொடையிலே பள்ளம் விழுமே, அதை எப்படி மூடுவது? இங்கேதான் வட சென்னைக்காரர்கள் சற்று மார் தட்டிக் கொள்ளலாம்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய மனிதர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அங்கே 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை ரண சிகிச்சைக்கென்று தனிப் பிரிவை வளர்த்தார். ஆலைகளும் அச்சகங்களும் துறைமுகமும் நிறைந்த பகுதியில் யந்திரத்தில் சிக்கிய கைகளுக்கா பஞ்சம்? நசுங்கிய கைகளைச் சீர்படுத்திப் பழகிய அந்தப் பிரிவு இந்தியா முழுவதும் பெயர் பெற்றது.

நசுங்கிய கைக்கு உதவும் அதே வித்தை சதைப் புற்றுக்கும் உதவுகிறது. முதுகிலிருந்தோ மறு தொடையிலிருந்தோ தோலும் தசையும் ரத்தக் குழாயுமாக ஒரு துண்டை எடுத்து, பள்ளத்தில் பதித்து, நுண்ணோக்கியின் கீழ் ரத்தக் குழாயோடு ரத்தக் குழாயைத் தைக்கிறார்கள். தலைமுடியைவிடச் சன்னமான நூல். இந்த மூடும் வித்தை கையில் இருப்பதால்தான் வெட்டுகிறவர் தைரியமாக அகலமாக வெட்ட முடிகிறது. மூட முடியாதே என்று பயந்து குறுக்கி வெட்டினால் புற்று தங்கிவிடும். இந்த வியாதிக்கு ஒரு டாக்டர் போதாது, ஒரு கோஷ்டி வேண்டும் என்று சொல்வது வீண் பெருமைக்கு அல்ல.

கதிர் முன்னாலா, பின்னாலா?

கதிர் சிகிச்சை சென்னைக்குப் புதிதல்ல. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பர்னார்டு ரேடியாலஜி நிலையம் 1934-லேயே தொடங்கிவிட்டது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தங்கை புற்றுநோய்க்குப் பலியானதைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் முயன்று 1954-ல் 12 படுக்கைகளோடு அதைத் திறக்கச் செய்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021-ல் காலமாகும் வரை சாந்தா அம்மையார் அந்த ஆஸ்பத்திரி வளாகமே வீடாக இருந்தார்.

சதைப் புற்றில் கதிரை ஆபரேஷனுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்பது பெரிய விவாதம். கனடாவில் 190 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. முன்னால் கொடுத்தால் 50 கிரே அளவு போதும். வாரம் 5 நாளாக 5 வாரம். ஆனால் கதிர் பட்ட சதை ஆபரேஷனுக்குப் பிறகு சரியாக ஆறுவதில்லை. முன்னால் கதிர் பெற்றவர்களில் 100-க்கு 35 பேருக்குப் புண் தொல்லை கொடுத்தது. பின்னால் பெற்றவர்களில் 17 பேருக்குத்தான். அப்படியானால் பின்னால் கொடுப்பதே மேல் என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதீர்கள். பின்னால் கொடுக்கும்போது அளவு 66 கிரே, பரப்பும் கூட. வருஷங்கள் போகப் போகச் சதை இறுகி, மூட்டு மடங்காமல், கால் வீங்கிப் போவது அதில்தான் அதிகம்.

புண் ஆறிவிடும். இறுகிய மூட்டு இளகாது. படகின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று டாக்டர் அவரையே கேட்க வேண்டும். அவரும் "நீங்க பார்த்துச் செய்யுங்க சார்" என்று சொல்லிவிடாமல் தம் தொழில் என்னவென்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

சிவப்பு மருந்து

மருந்து சிகிச்சை என்றால் முதலில் வருவது டாக்ஸோரூபிசின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்த செந்நிற மருந்து. ஏற்றிய நாளில் சிறுநீர்கூடச் சிவந்து போகும். பதற வேண்டாம், அது ரத்தம் அல்ல. மயிர் கொட்டும், மறுபடி முளைக்கும். உண்மையான கவலை இருதயம். அளவு மீறினால் இருதயத் தசை தளர்ந்துவிடும். அதனால் முன்கூட்டியே 'எக்கோ' பார்க்கிறார்கள். இதனோடு ஐஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தையும் சேர்ப்பதுண்டு. 2014-ல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. கட்டி சுருங்கியவர்கள் 100-க்கு 14-லிருந்து 26 ஆக உயர்ந்தார்கள். ஆனால் ஆயுள் நிச்சயமாக நீண்டதாகக் காட்ட முடியவில்லை. ஆகவே கட்டியைச் சுருக்கினால் ஆபரேஷன் சுலபமாகும் என்ற இடத்தில் இரண்டும். மற்ற இடத்தில் ஒன்று என்று நிதானிக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு வரும் தசைப் புற்று ஒன்று மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். பரவாத நிலையில் பிடித்துவிட்டால், நல்ல வசதியுள்ள இடங்களில் பத்தில் ஏழு குழந்தைகள் அளவுக்குப் பிழைக்கிறார்கள். குழந்தைக்குக் கண்ணருகிலோ, கழுத்திலோ, விரைப் பையிலோ வளரும் கட்டியைப் பார்த்துவிட்டு நேர்த்திக்கடனுக்கு நாள் குறிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நேர்த்திக்கடனைச் சிகிச்சை நடக்கும்போதே செலுத்தலாமே!

புது மருந்து வந்துவிட்டது என்று செய்தி வந்தால் மனம் துள்ளுகிறது. ஒலராடுமாப் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். 133 பேரிடம் நடந்த சோதனையில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 15 மாதத்திலிருந்து 26 மாதமாகக் கூடியதாகத் தெரிந்தது. 2016-ல் அமெரிக்க அரசாங்கம் அவசரமாக அனுமதி கொடுத்தது. பிறகு 500-க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது 2019-ல் பலன் பூஜ்யம் என்று தெரிந்தது. கம்பெனியே மருந்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் அதில் பாடம் உண்டு.

நிலைத்து நின்ற மருந்துகளும் இருக்கின்றன. கடற்கரைக்காரர்கள் கேட்டு மகிழத்தக்க செய்தி, அவற்றில் இரண்டு கடல் தந்தவை. ட்ராபெக்டெடின், பாறையிலும் வேரிலும் ஒட்டிக் கிடக்கும் ஒரு கடல் உயிரிடம் கண்டெடுத்தது. எரிபுலின், ஜப்பான் கடலில் கிடைத்த ஒரு பஞ்சு உயிரின் சரக்கைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்தது. கொழுப்பில் தோன்றும் சதைப் புற்றுக்கு இரண்டும் உதவுகின்றன. குணமாக்குகின்றன என்று சொல்ல முடியாது. சில மாதங்கள் பிடித்து நிறுத்துகின்றன.

ஹைகோர்ட்டுக்கு வந்த மாத்திரை

இமாடினிப் என்ற மாத்திரையின் கதை வேறு மாதிரி. குடலிலும் இரைப்பையிலும் வரும் ஒரு வகைச் சதைப் புற்று எந்தப் பழைய மருந்துக்கும் மசியாது. இந்த மாத்திரைக்கு மசிந்தது. ரத்தப் புற்று ஒன்றுக்காகச் செய்தது இதற்கும் பலித்தது. 2002-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தினம் விழுங்கினால் வருஷக்கணக்கில் வியாதி அடங்கிக் கிடக்கிறது.

ஆனால் விலை? நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரை மாதம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் என்றும், இந்தியக் கம்பெனிகள் செய்தது 8 ஆயிரம் முதல் 10 ஆயிரம் ரூபாய் என்றும் அந்நாளில் சொல்லப்பட்டது. காப்புரிமை கேட்டுக் கம்பெனி போட்ட மனுவைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-ல் தள்ளுபடி செய்தது. வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிது என்று உரிமை கேட்பதைத் தடுக்கும் சட்டப் பிரிவு செல்லும் என்று 2007-ல் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் காப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. பாரிமுனை வழியாகப் பஸ்ஸில் போகும்போது அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தால் எனக்கு இந்த மாத்திரை நினைவுக்கு வரும்.

ஆலைப் புகையா காரணம்?

எண்ணூர், மணலிப் பக்கம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இராது. நேர்மையாகப் பதில் சொல்வதானால், பெரும்பாலான சதைப் புற்றுகளுக்குக் காரணம் என்னவென்று சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் ஆலைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1974-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.வி.சி. பிளாஸ்டிக் செய்யும் ஒரே ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்குக் கல்லீரலின் ரத்தக் குழாய்ச் சதைப் புற்று வந்திருப்பது வெளியாயிற்று. அத்தனை அபூர்வமான வியாதி ஒரே ஆலையில் எப்படி? கொப்பரைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்கள் வினைல் குளோரைடு வாயுவைச் சுவாசித்ததுதான் காரணம் என்று நிரூபணமாயிற்று. உடனே சட்டங்கள் கடுமையாயின. கவனியுங்கள், அது ஆலைக்குள் வருஷக்கணக்கில் அந்த வாயுவோடு வேலை செய்தவர்களுக்கு வந்தது, வந்தது கல்லீரலில். தொடைக் கட்டிக்கு அதைக் காரணம் காட்ட ஆதாரம் கிடையாது. காற்று சுத்தமாக வேண்டும் என்று எண்ணூர்க்காரர் கேட்பதற்கு வேறு ஆயிரம் நியாயங்கள் இருக்கின்றன.

முன்பு கதிர் சிகிச்சை பெற்ற இடத்தில், பல வருஷம் கழித்து, அபூர்வமாக வருவதுண்டு. பரம்பரையாக உடம்பெல்லாம் சிறு சிறு நரம்புக் கட்டிகள் உள்ளவர்கள், அவற்றில் ஏதாவது ஒன்று திடீரென்று வளர்ந்து வலித்தால் உடனே காட்ட வேண்டும்.

இன்னொரு கட்டியையும் சொல்லிவிட வேண்டும். பிரசவமான இளம் பெண்களுக்கு வயிற்றுச் சதையில் கல் போல ஒன்று வளரும். 'டெஸ்மாய்டு' என்று பெயர். சுற்றிலும் மூர்க்கமாக ஊடுருவும். ஆனால் வேறிடத்துக்குப் பரவாது. முன்பெல்லாம் கண்டவுடன் வெட்டினார்கள், மறுபடி வந்தது, மறுபடி வெட்டினார்கள். இப்போது முதலில் பொறுத்துப் பார்க்கிறார்கள். சில தானே சுருங்கிவிடுகின்றன! "ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் கழித்து வா அம்மா" என்று டாக்டர் சொன்னால் அவர் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்து வேறு இடத்துக்கு ஓட வேண்டாம்.

எங்கே போவது?

நம் காசிமேட்டுக்காரருக்கு ஸ்டான்லி கூப்பிடு தூரம். அங்கே புற்றுநோய் ரண சிகிச்சைப் பிரிவும் மூடும் வித்தை தெரிந்த பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. திருவொற்றியூர்க்காரருக்கு விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ரயில் 2021 முதல் ஓடுகிறது. சென்ட்ரலில் இறங்கி எதிர்ப்புறம் போனால் ஜெனரல் ஆஸ்பத்திரி. அடையாறு ஒன்று. இராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. பெயர் மயக்கத்தில் இராயபுரத்தில் தேடாதீர்கள்.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை உதவி உண்டு. ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். ஆலைத் தொழிலாளி இ.எஸ்.ஐ. அட்டையை மறக்கக் கூடாது.

சிகிச்சை முடிந்தபின்னும் முதல் இரண்டு மூன்று வருஷம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தரம் போக வேண்டும். காலைப் பார்ப்பதோடு நெஞ்சையும் படம் எடுப்பார்கள். "தொடையிலே வியாதி, நெஞ்சை ஏன் படம் பிடிக்கிறார்கள்?" என்று அலுத்துக் கொண்டு பாதியில் நின்றுவிடுகிறார்கள். நுரையீரலில் ஒன்றிரண்டு புள்ளிகள் தெரிந்தால், அவற்றையும் ஆபரேஷனால் எடுத்துச் சிலரை வருஷக்கணக்கில் வாழவைக்க முடிகிறது. சீக்கிரம் தெரிந்தால்தான்.

முதல் ஆபரேஷன் எங்காவது நடந்து முடிந்துவிட்டதா? நம்மவர் கதை போல வாளியோடு போகாமல், கட்டி பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருந்தால், அதைச் சிறு மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். காகித ரிப்போர்ட்டைவிட அது முக்கியம். பெரிய ஆஸ்பத்திரியில் அதிலிருந்து சீவல் எடுத்து மறுபடி பார்ப்பார்கள். வகையும் தரமும் மாறிவிடுவது உண்டு. மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சட்டைப் பையில் வைத்துக் கொண்டு போகலாம்.